சட்டத்தின் இற்செறிப்பு

2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 66-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடைப்பட்ட நேரம் தவிர வேறு நேரத்தில் எந்தப் பெண்ணையும் தொழிற்சாலையில் வேலை செய்யுமாறு பணிக்கவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். தமிழ் படித்தவளுக்குச் சட்டத்தையும் செய்யுள்போலத்தான் படிக்க வருகிறது. இதில் இரண்டு வினைகள். முதல் வினையோடு எனக்குச் சண்டையில்லை. நடு இரவில் அவளை எந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த முதலாளிக்கு உரிமையில்லை, சரி. இரண்டாவது வினையில்தான் ஆள் காணாமல் போகிறாள். அவளே வந்து கேட்டாலும் விடக் கூடாது. இரண்டு வினைக்கும் அவள் செயப்படுபொருள். எழுவாயாக அந்தப் பிரிவில் ஓரிடத்திலும் அவள் வருவதில்லை.

கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு விலக்கு இருந்தது. மீனைப் பதப்படுத்துகிற, டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைகளில், மூலப்பொருள் கெட்டுப்போகாமல் இருக்கத் தேவையென்றால், மாநில அரசு பெண்களுக்கான இந்த நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்றது அது. எதைக் காப்பதற்காக இரவு மூடப்பட்டது என்று சட்டம் சொல்லவில்லை. எதற்காகத் திறக்கப்படும் என்பதை மட்டும் சொல்லிவிட்டது. மீன் கெட்டுவிடக் கூடாது. பழவேற்காட்டில் விடிவதற்கு முன்பே கூடையோடு ஏலத்துக்கு வந்து நிற்கும் பெண்களிடம் இதை வாசித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அகப்பாடல்களில் இற்செறிப்பு என்று ஒரு துறை உண்டு. ஊரில் அலர் கிளம்பியதும் தலைவியை வீட்டுக்குள் வைத்துக் காப்பார்கள். தாய் உறங்காள், காவலர் உறங்கார், நாய் குரைக்கும், நிலவு காட்டிக்கொடுக்கும். இரவுக்குறிப் பாடல்களில் வரும் இந்தத் தடைகளை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். அங்கே ஒரு நயம் இருக்கிறது. செறிக்கப்பட்டவள் பேசுகிறாள், அவள் சார்பில் தோழி பேசுகிறாள், பாட்டே அவர்களுடையதாக இருக்கிறது. சட்டத்தின் இற்செறிப்பில் அந்தக் குரல் இல்லை. ஊரும் தாயும் காவலரும் மட்டுமே பேசுகிறார்கள்.

நான் பாடம் நடத்தும் இடம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் காற்று வந்து சேரும் தொலைவில் இருக்கிறது. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று புறநகர் ரயிலில் ஏறி வருகிற பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அவர்களுடைய அக்காக்களும் அண்ணிகளும் கம்பெனிக்குப் போகிறார்கள். விடுமுறையில் இவர்களும் போகிறார்கள். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்பது அவர்களுக்கு எழுத்து அறிமுகம் மாதிரி. முதல் மணி வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்த பெண்கள் சிலரை நான் எழுப்புவதில்லை. இரவுக்குறி நடத்தும்போது அவர்களுடைய இரவு இந்தச் சட்டத்தில் எப்படி எழுதப்பட்டது என்ற கேள்வி எனக்கு வந்தது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வழி அமெரிக்காவின் ஒரு சலவைக்கூடத்தில் போய் நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் எழுந்த சீர்திருத்த அலையைப் பற்றி நம் பாடநூல்கள் நான்கு வரிக்கு மேல் சொல்வதில்லை. குழந்தை உழைப்பு, குடிநீர், மது, ஊழல், பெண்களுக்கு வாக்கு, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று எல்லாவற்றிலும் கைவைத்த காலம் அது. அதில் பெண்கள் முன்னணியில் நின்றார்கள். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் குடியேறிகள் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். அங்கே வந்து தங்கிய ஃபுளோரன்ஸ் கெல்லி, எங்கெல்சின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர். 1893-ல் அந்த மாநிலம் பெண்களுக்கு 8 மணி நேர வேலை என்று சட்டம் போட்டது. இரண்டே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. 1905-ல் லாக்னர் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமே, ரொட்டிக்கூடத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 10 மணி நேரம் என்ற நியூயார்க் சட்டத்தைச் செல்லாதாக்கியது. எவ்வளவு நேரம் உழைப்பது என்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்த உரிமையாம்.

அதே 1905, செப்டம்பர் 4. அமெரிக்காவில் அது தொழிலாளர் தினம். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரில் கர்ட் மியூலர் என்பவரின் சலவைக்கூடத்தில் ஒரு பெண் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கப்பட்டார். மாநிலச் சட்டப்படி அது குற்றம். மியூலருக்கு 10 டாலர் அபராதம். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். கெல்லியும் அவருடைய தோழி ஜோசஃபின் கோல்ட்மார்க்கும், கோல்ட்மார்க்கின் அக்காள் கணவரான லூயிஸ் பிராண்டைஸ் என்ற வழக்கறிஞரைப் பிடித்தார்கள். அவர் பெயரில் நீதிமன்றத்துக்குப் போன வாதவுரை 113 பக்கம். அதில் சட்ட வாதம் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. மற்றதெல்லாம் கோல்ட்மார்க்கும் உடனிருந்த பெண்களும் நூலகங்களில் உட்கார்ந்து திரட்டியவை: நீண்ட நேர வேலை பெண்ணுடலை என்ன செய்கிறது என்று ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் ஆணையங்களும் எழுதிய அறிக்கைகள். அந்த உரைக்கு வரலாற்றில் பெயர் 'பிராண்டைஸ் உரை'. தொகுத்தவள் பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. இது நமக்குப் புதிதில்லை, மேலே போகலாம்.

1908 பிப்ரவரியில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. பெண்களுக்கான 10 மணி நேரச் சட்டம் செல்லும். நீதிபதி டேவிட் புரூவர் சொன்ன காரணத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆணின் உடல் வேறு, பெண்ணின் உடல் வேறு. அவள் தாயாக வேண்டியவள். அவள் நலமாக இருந்தால்தான் இனம் வலுவாக இருக்கும். எந்தக் காலத்திலும் அவள் ஆணைச் சார்ந்தே இருந்துவந்திருக்கிறாள். ஆகவே மற்ற உரிமைகளில் சமமாக வந்தாலும் அவளைத் தனியே காக்கலாம். சலவைக்கூடத்தில் கால் கடுக்க நின்றவளின் கால் அந்தத் தீர்ப்பில் இல்லை. அவளுடைய கருப்பை இருக்கிறது. களைப்பு என்பது அவளுக்கு நேர்ந்ததாக இல்லாமல், பிறக்கப்போகும் பிள்ளைக்கு நேரப்போவதாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் திருமதி இ. காட்சர் என்று குற்றப்பத்திரிகையை எடுத்தெழுதும் இடத்தில் ஒருமுறை வருகிறார். எம்மா என்ற பெயர்கூட இல்லை, ஓர் எழுத்துதான். 10 மணி நேரம் போதும் என்று அவர் நினைத்தாரா, கூலி வெட்டாமல் 8 மணி நேரம் வேண்டும் என்று நினைத்தாரா, மியூலருக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லக் கிடைத்த வாய்ப்பு காட்சருக்குக் கிடைக்கவில்லை.

கெல்லியை எளிதாகக் கேலி செய்துவிட முடியாது. ஆண்களுக்குக் கதவு சாத்தப்பட்ட பிறகு, பெண் என்ற சந்தில் ஆப்பு வைத்து அதைத் திறக்கப் பார்த்தவர் அவர். ஆப்பு வேலையும் செய்தது. 1917-ல் பண்டிங் வழக்கில், ஆண் பெண் இருவருக்குமான ஓரிகன் மாநிலத்தின் 10 மணி நேரச் சட்டத்தை அதே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆப்பு அடித்த இடத்தில் விழுந்த விரிசல் நின்றுவிட்டது. நியூயார்க்கில் 1913-ல் பெண்களின் இரவு வேலைக்குத் தடை வந்ததும், நாளிதழ் அச்சகங்களில் நல்ல சம்பளத்துக்கு இரவில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள். எட்டு ஆண்டு போராடி 1921-ல்தான் விலக்குப் பெற்றார்கள். 1919-ல் வந்த இன்னொரு சட்டத்தால் புரூக்ளினில் டிராம் நடத்துநர்களாக இருந்த பெண்கள் வேலை இழந்தார்கள். போரின்போது ஆண்கள் விட்டுப்போன இடம் அது, ஆண்கள் திரும்பிவிட்டார்கள். 1924-ல் ராடிஸ் வழக்கில், உணவகங்களில் பெண்கள் இரவு 10 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டத்திலும் ஒரு மீன் இருந்தது. உணவகத்தில் பாடுகிறவர்களுக்கும் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் தடை இல்லை. இரவில் தட்டு ஏந்தினால் உடல் கெடும், பாடினால் கெடாது.

சலவைக்கு வருகிறேன். போர்ட்லேண்டுக்கு 24 ஆண்டுகள் முன்பு, 1881 கோடையில், தெற்கே அட்லாண்டா நகரில் கறுப்பினச் சலவைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு இருபது ஆண்டுகூட ஆகாதவர்கள். 20 பேராகச் சங்கம் கூடி, வீடு வீடாகப் போய்ப் பேசி, மூன்று வாரத்துக்குள் 3,000 பேராக ஆனார்கள். கேட்டது வெளுப்புக்கு ஒரே சீரான கூலி. நகரசபை அவர்களை மடக்க ஆளுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் போடப் பார்த்தது. அந்தப் பெண்கள் மேயருக்கு எழுதிய பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டணத்தைக் கட்டுகிறோம், நகரத்தின் சலவை முழுவதும் எங்கள் கையில் இருக்கட்டும், விலையை நாங்கள் வைப்போம் என்று எழுதினார்கள். அவர்கள் துவைத்தது தங்கள் வீட்டு முற்றத்தில், தங்கள் தொட்டியில். பின்னாளில் வந்த பத்து மணி நேரச் சட்டங்கள் எவையும் இந்த வகைச் சலவைக்காரியைத் தொடவில்லை. அவள் நின்ற இடம் 'கூடம்' இல்லையே. அன்றைய கறுப்பினப் பெண்களில் ஆகப் பெரும்பாலோர் வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்தார்கள். சீர்திருத்தத்தின் வரைபடத்தில் வயலும் வீடும் வரவில்லை.

இதைப் படிக்கும்போது புதிரை வண்ணார் நினைவு வராமல் இருக்குமா? தலித்துகளுக்குத் துணி வெளுத்த அந்தச் சமூகத்தாரைக் கண்ணில் கண்டாலே தீட்டு என்று ஊர் வைத்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் அவர்கள் பகலில் வெளியே வராமல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்ய வேண்டியிருந்தது என்பதை 1932 டிசம்பரில் தி இந்து நாளிதழ் செய்தியாக வெளியிட்டது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் அந்தச் சமூகத்துப் பெண்ணொருத்தியை நடுவில் வைத்து எழுதப்பட்டது. செய்தி வந்த ஆண்டைக் கவனியுங்கள். அதற்குள் இந்தியாவில் தொழிற்சாலைப் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுக்கும் சட்டம் வந்து பத்தாண்டு ஆகிவிட்டது. ஒரு பெண் இரவில் உழைக்கக் கூடாது என்று அரசு எழுதியிருக்கிறது. இன்னொரு பெண் இரவில் மட்டும்தான் உழைக்க வேண்டும் என்று சாதி எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒரே மாகாணம் ஒரே நேரத்தில் தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை ஒன்று அது தொந்தரவு செய்யவில்லை.

அந்தத் தடை நமக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1891-ன் சட்டத்திலேயே பெண்களின் வேலை நேரத்துக்கு 11 மணி என்ற வரம்பு உண்டு. அதற்குப் பின்னால் இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு எரிந்த லங்காஷயர் முதலாளிகளின் நெருக்கடியும் இருந்தது. ஆண்களுக்கு வரம்பு வர 1911 ஆயிற்று. பிறகு 1919 அக்டோபரில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு முதன்முதலாகக் கூடியது. சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அதற்கு முந்தைய ஆண்டு நிறுவிய பி.பி. வாடியாவும் ஆலோசகராக அங்கே போயிருந்தார். பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கை அங்கே நிறைவேறியது. இந்தியா 1921-ல் அதை ஏற்று, 1922-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது.

வாஷிங்டனில் வாக்களிக்கும் உரிமையுள்ள பேராளராக ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் ஆலோசகர்களாக மட்டும் வந்திருந்தார்கள். ஆகவே அமெரிக்கப் பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதே நாட்களில், அதே நகரில், உழைக்கும் பெண்களின் சர்வதேச மாநாடு ஒன்றைத் தனியே கூட்டியது. இரவு வேலையைப் பற்றி அந்தப் பெண்கள் எடுத்த நிலை வேறு: தடுப்பதானால், தவிர்க்க முடியாத தொழில்கள் நீங்கலாக ஆண்களுக்கும் சேர்த்துத் தடுங்கள். இரவில் விழித்தால் எல்லா உடலும்தான் கெடும் என்ற எளிய உண்மை. ஆண்களின் மாநாடு பெண்களுக்கான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பெண்களின் மாநாட்டிலும் ஓர் இடம் காலியாக இருந்தது. கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் சார்பில் அங்கே ஒரு மனு கொடுக்கப்பட்டது; அவர்களுக்குப் பேராளர் இருக்கை இல்லை. கதவுக்கு வெளியே நின்றவர்கள் கட்டிய வீட்டுக்கும் ஒரு வெளித்திண்ணை இருந்தது.

அந்த உடன்படிக்கையின் 5-ஆம் விதி நம்மைப் பெயர் சொல்லி அழைத்தது. இந்தியாவிலும் சயாமிலும், அந்தந்த நாட்டுச் சட்டம் தொழிற்சாலை என்று வரையறுப்பவை நீங்கலாக, மற்ற எந்தத் தொழிலிலும் அரசு இந்தத் தடையை நிறுத்திவைக்கலாம் என்றது. ஆக, எல்லாம் 'தொழிற்சாலை' என்ற ஒரு சொல்லில் தொங்கியது. 1881-ல் 100 பேர், 1891-ல் 50 பேர், 1922-ல் 20 பேர், 1948-ல் மின்விசையோடு 10 பேர். ஒரு பெண்ணின் உடல் காக்கத் தகுந்ததா என்பது அவளுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

செங்குன்றத்திலிருந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும் சாலைகளில் செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள் தெரியும். ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாக வந்தவர்கள் அங்கே கல் அறுக்கிறார்கள். கொத்தடிமைகளாக இருந்தவர்களை இந்த மாவட்டத்துச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் மீட்டது பலமுறை செய்தியானது. வெயில் ஏறுவதற்குள் கல் காய வேண்டும் என்று அறுப்பு விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கில் எழுதுவது ஆணின் பெயர். மண் மிதித்த மனைவியின் இரவும், கல்லைப் புரட்டிப் போட்ட பிள்ளையின் இரவும் அந்த ஒற்றைப் பெயருக்குள் அடக்கம். 66-ஆம் பிரிவின் காவல் நாய் இந்தப் பக்கம் குரைத்ததில்லை.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஆலைப் பெண் தொழிலாளர்களின் இரவு வேலை பற்றிய வழக்கில், 66-ஆம் பிரிவின் அந்த நேரத் தடை அரசியல் சட்டத்தின் சமத்துவ விதிகளுக்கு முரண் என்று சொல்லிச் செல்லாதாக்கியது. தீர்ப்பு சும்மா கதவைத் திறந்துவிடவில்லை. பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகத்தான் இரவில் வேலைக்கு வைக்கலாம். வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். தனிக் கழிப்பறை, உணவிடம். ஷிப்ட் மாறும்போது இடையில் 12 மணி நேர ஓய்வு. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் ஏற்பாடு. இந்தப் பட்டியலை நான் மதிக்கிறேன். புரூவரின் தீர்ப்பில் கருப்பை இருந்த இடத்தில் இங்கே வண்டியும் கழிப்பறையும் வந்திருக்கின்றன. இது பெரிய மாற்றம். ஆனால் சமத்துவம் என்ற சொல் யாருக்கு அதிகம் உதவியது என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்த ஆண்டுகளில்தான் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் கொழித்தது. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி எல்லா ஷிப்டும் பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. எந்திரத்துக்கு இரவு தேவைப்பட்டதும், பெண்ணுக்கு இரவு கிடைத்தது. கூடவே மதிற்சுவரும் வார்டனும் கைபேசித் தடையும் வந்தன. இற்செறிப்பு ஒழியவில்லை. வீடு மட்டும் மாறிவிட்டது.

என் மாணவி ஒருத்தி இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "கம்பெனி வண்டி வாசலுக்கே வருதும்மா. அதனாலதான் வீட்ல வுட்றாங்க. வண்டி எங்கயும் நிக்காது. நடுவுல எறங்கி ஒரு டீ குடிக்க முடியாது." தெருவிளக்கு இல்லாத சாலையைச் சரிசெய்வதற்குப் பதில் பெண்ணை ஒரு மூடிய வண்டியில் வைத்து அந்தச் சாலையைக் கடத்திவிடுகிறோம். வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரு டீ.

2021 டிசம்பரில் பூந்தமல்லியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போகும் பெண்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று பதில் கிடைக்காத நிலையில், பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடுதியில் சாப்பாடும் படுக்கையும் இருந்த நிலை அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நியூயார்க்கில் 1909 நவம்பரில் சட்டை தைக்கும் பெண்களின் கூட்டத்தில் தலைவர்கள் பேசிப் பேசி ஓயாமல் இருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் மேடையேறி இத்திஷ் மொழியில் வேலைநிறுத்தத்தை முன்மொழிந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்தார்கள். சீர்திருத்தத்தின் வரலாற்றில் 113 பக்க உரைக்கு ஒரு இடமும் அந்த மேடைக்கு ஓர் இடமும் உண்டு. நாம் பாடமாக வைப்பது எப்போதும் முதலாவதை. மேடையில் கேட்டது முழுக்கக் கிடைக்காமல் போனதன் விலையை 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆலைத் தீயில் 146 பேர் கொடுத்தார்கள். வேலைநிறுத்தத்தில் சங்கத்துக்குப் பணியாத ஆலை அது. வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது. பெண்கள் திருடிவிடக் கூடாதே என்று பூட்டியது. அதையும் காவல் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தமிழில் 'சீர்திருத்தம்' என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்ப்புத் திருத்துவது நினைவுக்கு வரும். எழுதியவளைக் கேட்காமல் ஓரத்தில் குறி போடுகிற வேலை. சில நேரம் நல்ல திருத்தமும் வருவதுண்டு. 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உட்காரும் உரிமை சேர்க்கப்பட்டது. நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்க மாநிலங்கள் இதே சட்டத்தைப் போட்டபோது 'பெண் ஊழியருக்கு இருக்கை' என்று போட்டன. நம்முடைய சட்டம் பெண்ணென்றும் ஆணென்றும் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் எல்லாக் காலுக்கும் நாற்காலி கொடுக்கச் சொன்னது. கால் வலி கருப்பையிலிருந்து விடுதலை பெற்றது. இதே சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு வெடித்தது. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றைக்கு நூறு ஆண்டு. அந்தப் பத்து நாளில் நான் படித்த எதிர்ப்புக் கட்டுரைகளில் 12 மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டில் தொடங்கும் இரண்டாவது ஷிப்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கள் மிகக் குறைவு.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இரவுக் கதவை நாடு முழுவதற்கும் திறக்கிறது. பெண்ணின் சம்மதம் பெற்று, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் அவளை வேலைக்கு வைக்கலாம். அதே சட்டம் தொழிற்சாலை என்பதற்கான ஆள் கணக்கை மின்விசையோடு 20 என்றும், இல்லாமல் 40 என்றும் உயர்த்தியிருக்கிறது. நூறாண்டாகக் குறைந்துவந்த எண் திரும்ப ஏறுகிறது. 15 பேரை வைத்து பிளாஸ்டிக் வார்க்கும் ஒரு கொட்டகையில் வேலை செய்பவளுக்கு இந்தச் சட்டப்படி தொழிற்சாலை கிடையாது.

சம்மதம் என்ற சொல்லை வகுப்பில் வைத்துப் பேசினோம். ஒப்பந்தக்காரர் நீட்டும் ஆங்கிலத் தாளில் மற்ற தாள்களோடு சேர்த்துப் போடும் கையெழுத்து சம்மதமா? மாட்டேன் என்றால் அடுத்த மாதம் வேலை இருக்குமா? ஒரு பெண், வீட்டில் அப்பாவின் கையெழுத்தையும் கேட்கிறார்கள் என்றாள். கொஞ்ச நேரம் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். பின்வரிசையில் இருந்த இன்னொருத்தி, இரும்பு உருக்கும் ஆலையில் சி ஷிப்ட் பார்க்கும் அண்ணனுக்கு இரவு சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுப் படிக்க உட்காருகிறவள், கேட்டாள்: "எங்க அண்ணன்கிட்ட யாரும் சம்மதம் கேக்கலியேம்மா?"